பழைய கார் வேலைக்குப் பையனை அனுப்பலாமா?

கேள்வி: ஆட்டோமொபைல் டிப்ளமோ முடிக்கப்போகும் என் மகன் கேம்பஸ் இன்டர்வியூவுக்கே போக மாட்டேன் என்கிறான். பழைய கார்களைப் புதுப்பிக்கிற வேலைதான் வேண்டுமாம். அதற்கென்று படிப்பு இருக்கிறதா, அதை நம்பிப் பிழைக்க முடியுமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: படிப்பு இருக்கிறது அம்மா, ஆனால் அமெரிக்காவில். கான்சாஸ் மாநிலத்து மெக்பெர்சன் கல்லூரியில் 1976-ல் ஆரம்பித்தார்கள். ஒருவர் தான் சேர்த்து வைத்திருந்த பழைய கார்களைக் கொடுக்க, அதை வைத்துத் தொடங்கியது இன்று நான்கு வருடப் பட்டப்படிப்பாக நடக்கிறது. எஞ்சின், தகடு வேலை, பெயிண்ட், குஷன் எல்லாம் கையால் செய்து பழக வேண்டும், கூடவே வாகன வரலாறும் ஒரு பாடம். அந்த மாணவர்கள் 1953-ம் வருட மெர்சிடிஸ் 300 எஸ் ஒன்றைப் பல வருடம் உட்கார்ந்து சரிசெய்து, கோடீஸ்வரர்களின் பழைய கார்கள் அழகில் மோதும் பெபிள் பீச் போட்டிக்கு 2023-ல் கொண்டுபோய், தங்கள் பிரிவில் இரண்டாம் இடம் வாங்கிவிட்டார்கள்! அதற்காகக் கடன் வாங்கி அமெரிக்கா அனுப்பாதீர்கள்.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்து வழி. பைசெஸ்டரில் பழைய விமானப்படைத் தளம் ஒன்று இப்போது பழைய வாகனத் தொழிலுக்கான இடமாகிவிட்டது. அங்கே இருக்கும் பயிற்சி நிலையத்துக்கு வரும் பையன்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் சம்பளத்துக்கு இருப்பவர்கள், நடுநடுவே சில வாரம் வந்து பாடம் படித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். தகட்டைக் கையால் அடித்து வளைக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது, அடுத்த ஆள் இல்லை என்ற கவலையில்தான் இப்படி ஓர் ஏற்பாடு வந்தது.

நம் ஊரிலும் அதே நிலைமைதான். அம்பாசடர் 2014-ல் நின்றுபோனது, ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் பல வருடம் முன்பே. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் காதால் கேட்டே டியூன் பண்ணும் மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக ஷெட்டை மூடுகிறார்கள். உங்கள் பையன் படிப்பது சென்சாரும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும். பழைய காரில் கோளாறு சொல்லும் ஸ்கேனரைச் சொருக இடமே கிடையாது.

பிழைப்பு? முதல் சில வருடம் கை கடிக்கும், மறைக்க ஒன்றுமில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் சாதாரண டிங்கரிங் வேலையும் கூடவே ஓடட்டும், சோற்றுக்கு அது. அப்புறம், 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியையும் அவன் படித்துவிட வேண்டும். 50 வயது தாண்டிய, சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிதான் வின்டேஜ் என்று பதிவாகும், நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்று வரும், புதிதாகப் பதிய 20,000 ரூபாய். ஓனர் ஆசைப்பட்டார் என்று டீசல் எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்தால் அந்தப் பதிவுக்கே ஆபத்து.

கேள்வி: எனக்கு 17 வயது. எஞ்சின் என்றால் உயிர். எதிலிருந்து தொடங்க?
– விருதுநகர் வாசகர்

பதில்: எஞ்சின் என்றால் எல்லோருக்கும் உயிர்தான் தம்பி. ஆள் கிடைக்காமல் வண்டிகள் தவம் கிடப்பது தகடு வேலைக்கு. ஐ.டி.ஐ.யில் ஷீட் மெட்டல் ஒர்க்கர், வெல்டர் இரண்டுமே ஒரு வருடப் படிப்பு, ஒன்றில் சேர். காரின் துருப்பிடித்த அடித்தகட்டில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து அனுப்ப யாராலும் முடியும், இரண்டு மழைக்காலம் தாங்காது. துருவை வெட்டியெடுத்து, அதே வளைவில் புதுத் தகடு அடித்து, மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடாமல் வெல்டு வைத்து, மேலே தடவினால் இணைப்பே தெரியக்கூடாது. அதைக் கற்றுக்கொள்.

ஸ்பேனரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் என்ற பழைய அங்குல அளவு நட்டுகள் வரும், உன் மெட்ரிக் (மில்லிமீட்டர்) ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும். இதில் மோரிஸ் என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனி பெரிய கூத்து. அதன் முதலாளி 1923-ல் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கவென்ட்ரி தொழிற்சாலையை வாங்கினார், அங்கிருந்த மெஷின்கள் மெட்ரிக் மரை போடுபவை, இங்கிலாந்து மெக்கானிக் கையிலோ விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே மரை மெட்ரிக், தலை விட்வொர்த்! பேட்டரியையும் பார்த்து மாட்டு. 1960-கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும், இந்தக்கால கார்களுக்கு நேர்மாறு. தெரியாமல் இந்தக்கால ரேடியோவைக் கொடுத்தால் புகை வரும்.

கேள்வி: பழைய கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பையன்கள் வருகிறார்கள், கொஞ்சநாளில் ஓடிவிடுகிறார்கள். என்ன செய்ய?
– கோவை வாசகர்

பதில்: அவர்களுக்கு என்ன வேலை கொடுக்கிறீர்கள் அண்ணே? டீ வாங்கவும் பார்ட்ஸ் கழுவவும் மட்டும் என்றால் டெலிவரி வேலையில் இதைவிடக் காசு வருகிறதே, ஏன் இருப்பான்? அப்ரெண்டிஸ் சட்டப்படி பதிந்து மாத உதவித்தொகை கொடுங்கள். கெட்டுப்போன பழைய பானெட் ஒன்றை அவனிடமே விடுங்கள், அடித்துப் பழகட்டும், வீணானால் போகட்டும். பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்து, பையில் போட்டுப் பெயர் எழுதும் பொறுப்பை முதல் நாளே அவனுக்குக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பூட்டும்போது அந்தப் போட்டோக்களைத் தேடி நீங்கள்தான் அவனிடம் போய் நிற்கப்போகிறீர்கள், அப்புறம் அவனை டீ வாங்க அனுப்ப உங்களுக்கே மனம் வராது. உங்கள் ஊரிலேயே ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. ஒருநாள் கூட்டிப்போய், செல்ஃபி எடுத்து முடித்ததும், ஒவ்வொரு வண்டியிலும் கதவைச் சுற்றி இருக்கும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தகடு அடித்தவனின் கைத்திறன் அதில்தான் தெரியும்.