தமிழ்த் திரைப்பாடல்களில் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் சொல் எது?

என்னைக் கேட்டால், ‘இருவர்’ (1997) படத்தின் ‘நறுமுகையே’ பாட்டில் வரும் ‘அற்றைத் திங்கள்’தான். வைரமுத்து எழுதி, ரஹ்மான் இசையில் உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடியது. வரி பலருக்கும் மனப்பாடம். பொருள் கேட்டால் ‘அன்றைய நிலா’ என்பார்கள். திங்கட்கிழமை வரைக்கும் போகிறவர்களும் உண்டு.

ஆனால் அடுத்த சொல்லே ‘அந்நிலவில்’ என்றுதானே வருகிறது? நிலாவை இரண்டு முறை எதற்குச் சொல்ல வேண்டும்? இங்கே திங்கள் என்றால் மாதம். ‘அந்த மாதத்து நிலவொளியில்’ என்று படித்தால் வரி சட்டென்று தெளிந்துவிடும். திருப்பாவையில் ‘மார்கழித் திங்கள் மதிநிறைந்த நன்னாளால்’ என்று வருகிறதே, அதே அமைப்புதான்: திங்கள் மாதம், மதி நிலா. மூன்றாம் பாசுரத்தின் ‘திங்கள் மும்மாரி’யும் மாதம் மும்மாரிதான். சிலப்பதிகாரம் ‘திங்களைப் போற்றுதும்’ என்று தொடங்கும்போது மட்டும் அது நிலாவேதான். இரண்டு பொருளும் உள்ள சொல் என்பதால் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்தத் தொடர் வந்த இடம் தெரிந்தால் பாட்டு வேறு மாதிரி கேட்கும். புறநானூற்றின் 112-ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டிருந்தபோதும் பாரி உயிரோடுதான் இருந்தான். ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில் எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர்கொளார்’ என்கிறார்கள் பெண்கள். அந்த மாத நிலவில் அப்பாவும் இருந்தார், மலையும் எங்கள் கையில் இருந்தது. அப்புறம் ‘இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்’ மலையும் போய்விட்டது, அப்பாவும் இல்லை. மொத்தமே ஐந்து அடி. அதே நிலவு திரும்ப வந்திருக்கிறது, ஆள் இல்லை. அழுகிறோம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சங்கப் பாடல் இப்படி இழவு சொல்லும்.

அந்த ஒப்பாரியின் முதல் அடியைத்தான் காதலன் வாயில் வைத்திருக்கிறார் வைரமுத்து. துக்கப்பாட்டை இப்படி மாற்றலாமா என்று சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. நிலவைப் பார்த்துப் பழைய நாளை நினைப்பது காதலுக்கும் பொருந்தும், சாவுக்கும் பொருந்தும். அதே பாட்டில் ‘யாயும் ஞாயும்’ என்று குறுந்தொகை 40-உம் வருகிறது. யாய் என் தாய், ஞாய் உன் தாய்.

நறுமுகை என்பதையும் ‘மணக்கும் முகம்’ என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். முகை என்றால் மொட்டு. ‘நெற்றித் தரள நீர்வடிய’ என்பதில் தரளம் முத்து. குளிக்கும்போது நெற்றியில் முத்து முத்தாக வழியும் தண்ணீர்.

இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு: பொருளே இல்லை என்று நினைத்து நாம் கடந்துபோகும் வரி. ‘நண்பன்’ (2012) படத்தில் மதன் கார்க்கி எழுதிய ‘அஸ்க் லஸ்கா’வைச் சும்மா சந்தத்துக்குப் போட்ட ஓசை என்றே பலர் நினைக்கிறார்கள். அவ்வளவும் காதலைக் குறிக்கும் சொற்கள். அஸ்க் துருக்கி மொழி, லஸ்கா செக், அஹாவா ஹீப்ரு, சிந்தா மலாய். போலிங்கோ, காங்கோ நாட்டில் பேசும் லிங்காலா மொழிச் சொல்.