லோக்கல் டெலிவரி வண்டியா, லைன் லாரியா: டிரைவர் வேலைக்கு எதுல போகலாம்?

இதைக் கேட்ட தம்பி, உங்களுக்கு ஊர் பெருந்துறைப் பக்கம், கையில இருக்கறது எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸ் மட்டும். திருப்பூர்ல துணி ஏத்தற ஏஸ்ங்கற சின்னச் சரக்கு வண்டிக்கு ஒருத்தர் கூப்பிடறார், சங்ககிரியில சொந்தக்கார மாமா வெளியூர் லோடு ஓடற லைன் லாரிக்கு வரச் சொல்றார். "லோக்கல்னா சும்மா ஊர் சுத்தற வேலை, காசு லைன்லதான்"னு மாமா சொன்னதா எழுதியிருக்கீங்க. அந்த ஒரு வரிதாங்க என்னைப் பதில் எழுத வெச்சுது. ரெண்டு ஸ்டியரிங்கையும் பிடிச்சவங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க.

முதல்ல லைசென்ஸ். வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கற சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ்லயே ஓட்டலாம். சுப்ரீம் கோர்ட் 2017-ல சொன்னதை 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிகள் அமர்வும் உறுதி பண்ணிடுச்சு. அதனால ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப் எல்லாம் உங்களுக்கு இன்னைக்கே சரி. பத்துச் சக்கர லாரிக்கு ஹெவி (கனரக வண்டி) லைசென்ஸ் வேணும், எல்.எம்.வி. எடுத்து ஒரு வருஷமும் ஆகியிருக்கணும். மாமாவே பக்கத்துல உட்கார்ந்தாலும் ஹெவி இல்லாம ஓட்டாதீங்க. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கைவிட்டுரும்.

லோக்கலுக்கு வர்றேன். திருப்பூர் வண்டின்னா துணி பின்ற நிட்டிங்ல இருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து சுருக்கம் சரிபண்ற காம்பாக்டிங், அப்புறம் கட்டிங், பிரிண்டிங், செக்கிங்னு துணி நகர நகர உங்க வண்டியும் நகரணும். ஒரு நாளைக்கு ஓடற கிலோமீட்டர் கம்மிதான். ஆனா ஒவ்வொரு நடைக்கும் (டிரிப்புக்கும்) ஏத்தணும், எண்ணணும், இறக்கணும், கையெழுத்து வாங்கணும். வேலையில பாதி ஸ்டியரிங்குக்கு வெளியிலதான் இருக்குது. சரக்கோட போற டெலிவரி சலான்ல போட்ட ரோல் எண்ணிக்கையையும் எடையையும் ஏத்தறப்பவே ரோல் சீட்டைப் பார்த்துச் சரிபாருங்க. 32 ரோல்னு எழுதி 31 ஏத்தியிருந்தா, இறக்கற இடத்துல அந்த ஒண்ணு உங்க தலையிலதான் விழும். கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது. சாயம் போட்ட துணியில மழைத்தண்ணி பட்டா திட்டுத் திட்டா கறை நிக்கும், அதுக்கும் முதல்ல டிரைவரைத்தான் கேப்பாங்க. வானம் தெளிவா இருந்தாலும் தார்பாய் வண்டியில கிடக்கட்டும்.

அடுத்தது ஓவர்லோடு. ஏஸ் தாங்கறது சுமாரா முக்கால் டன். "பக்கம்தானே தம்பி"ன்னு சொல்லி ஒண்ணேகால் டன் ஏத்துவாங்க. பின்னாடி ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்து முன் சக்கரம் லேசாயிரும், பிரேக் அடிச்சா நிக்கற தூரம் கூடிரும். பிடிச்சா அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொண்ணுக்கும் 2,000. சட்டத்துல ஏத்தச் சொன்னவரோட ஓட்டினவரும் பொறுப்புங்க.

லோக்கல்ல சீக்கிரம் போறது கிளட்ச். பல்லடம் ரோட்டு நெரிசல்ல ஹாஃப் கிளட்ச்லயே நகர்த்திட்டுப் போனா பிளேட் தீய்ஞ்சு நாத்தம் அடிக்கும். முன்னாடி இடம் விட்டு நின்னு, நாலஞ்சு வண்டி நீளம் காலியானதும் ஃபர்ஸ்ட்ல எடுத்து, காலை முழுசா விட்டுருங்க. நிக்கறப்ப நியூட்ரல் போட்டு ஹேண்ட் பிரேக். பழகிட்டா இடது முட்டியும் தப்பிச்சுக்கும்.

இப்ப லைன். ஓட்டறதுல லைன் கஷ்டம்னு நினைக்கறது முழுசா சரியில்லைங்க. நாலுவழிச் சாலையில நேரா ஓட்டறது யாரும் கத்துக்கறதுதான். டிரைவர் யாருன்னு தெரியறது இறக்கத்துலயும், தூக்கத்துலயும், காத்துக் கிடக்கறதுலயும்.

தொப்பூர் கணவாயையே எடுத்துக்கங்க. தர்மபுரியில இருந்து சேலம் வர்றப்ப இறக்கம். டீசல் மிச்சம்னு நினைச்சு நியூட்ரல்ல விடறவங்க இன்னும் இருக்காங்க. மிச்சமே ஆகறதில்லைங்க! இப்ப வர்ற எஞ்சின்ல கியர்ல இருந்துட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா டீசல் பாயறது நின்னுடும். நியூட்ரல்ல விட்டாத்தான் ஐட்லிங்குக்கு டீசல் குடிக்கும். இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முந்தியே வேகத்தைக் குறைச்சு, அதே மேட்டை லோடோட எந்த கியர்ல ஏறுவீங்களோ அந்த கியருக்கு வந்து, எஞ்சினாலயே வேகத்தைக் குறைக்கற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுருங்க. பிரேக்கை லேசா அழுத்திட்டே வராதீங்க, பிரேக் டிரம் சூடேறி லைனிங் பிடிக்காமப் போயிரும். ஒரு தடவை நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சுட்டு முழுசா விடுங்க, ஆறட்டும். சும்மா சும்மா மிதிச்சா பிரேக் பிடிக்க வைக்கற ஏர் இறங்கும், கண்ணு ஏர் மீட்டர்லயும் இருக்கட்டும்.

சத்தியமங்கலம் வழியா மைசூர் லைன்னா கணக்கே வேற. திம்பம் மலைப்பாதையில 27 கொண்டை ஊசி வளைவு. 2022 பிப்ரவரியில இருந்து சாயங்காலம் 6 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் சரக்கு லாரிக்கு அனுமதி இல்ல. நேரம் தவறினா அடிவாரத்துல பண்ணாரியிலயே விடிய வேண்டியதுதான்.

தார்பாய் ரெண்டு போடறப்ப பின்னாடி பாயை முதல்ல விரிச்சு, முன்னாடி பாயை அது மேல ஏறற மாதிரிப் போடணும். மாத்திப் போட்டா காத்து உள்ள பூந்து கிழிச்சுரும், மழையும் இறங்கும். கிளம்பி 40, 50 கிலோமீட்டர்ல ஒரு தடவை நிறுத்திக் கயிறு பாருங்க, லோடு அமுங்கித் தளர்ந்திருக்கும். ஜோடி டயர்ல உள் டயர் பஞ்சரானா கண்ணுக்குத் தெரியாது. கம்பியில தட்டினா காத்து இருக்கற டயர் துள்ளும், இல்லாதது தொப்புன்னு சத்தம் போடும்.

இ-வே பில் (சரக்கு கொண்டு போக ஜி.எஸ்.டி.ல எடுக்கற ஆன்லைன் சீட்டு) காலாவதியும் உங்க தலைவலிதான். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. டெல்லி 2,500 கிலோமீட்டர்னு வெச்சா 13 நாள். வழியில வண்டி நின்னுட்டா, முடியறதுக்கு 8 மணி நேரம் முன்னாடியோ முடிஞ்சு 8 மணி நேரத்துக்குள்ளயோ நீட்டிக்கலாம், உடனே ஆபீசுக்குப் போன் பண்ணுங்க. வேற வண்டிக்கு லோடு மாத்தினா அந்தச் சீட்டோட பார்ட் பி-யில வண்டி நம்பர் மாறியாகணும்.

காசுக்கு வர்றேன். லைன்ல கூட வருதுங்கறது நிஜம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா மாசத்துக்கு எவ்வளவுன்னு கேக்காதீங்க, வண்டி நிக்கற நாளுக்கு யார் கொடுக்கறாங்கன்னு கேளுங்க. படி (பேட்டா) நடைக்கு இவ்வளவுன்னா, வடக்க ரிட்டர்ன் லோடுக்குக் காத்துக் கிடக்கற நாலு நாளும் உங்க நஷ்டம். நாளுக்கு இவ்வளவுன்னா ஓனர் நஷ்டம், அவரே ஓடி லோடு பிடிப்பார். டீசல் கணக்கையும் முதல்லயே பேசிடுங்க. லோடோட லிட்டருக்கு 4 கிலோமீட்டர் பக்கம் கொடுக்கற வண்டிக்கு ஓனர் 5 கேட்டா, குறையறது படியில பிடிப்பாங்க. லோக்கல்லயும் இதே கதைதான். நடைக்கூலின்னா சாயப்பட்டறை வாசல்ல மூணு மணி நேரம் நின்னதுக்கு ஒண்ணும் கிடையாது, மாசச் சம்பளம்னா கவலையில்லை.

இதை எழுதறப்ப இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியலைங்க. 2025 அக்டோபர்ல இருந்து தயாரிக்கற லாரிக்கு ஏ.சி. கேபின் கட்டாயம்னு ஆயிருச்சு, ரொம்ப நல்லது. ஆனா அது மூணரை டன்னுக்கு மேல இருக்கற வண்டிக்குத்தான். சித்திரை வெயில்ல கம்பெனி கேட்டுக்கு வெளியில கிடக்கற ஏஸ் டிரைவருக்கு ஒண்ணும் இல்ல. அதுலயும் லோடு வேணும்னு கூப்பிடற கம்பெனி, உள்ள இருக்கற கக்கூஸுக்கு டிரைவரை விடறதில்ல. ஒரு டிரைவர் தண்ணி குடிக்கறதைக் குறைச்சுக்கறான்னா காரணம் இதுதான். அதைக் கேக்க ஆள் இல்ல.

உங்களுக்கு என்ன செய்யலாம்னா, ஒரு வருஷம் ஏஸ் ஓட்டுங்க, அதுக்குள்ள ஹெவி எடுங்க. அப்புறம் மாமாகிட்டப் போறதா இருந்தா நேரா டெல்லி வேண்டாம். தூத்துக்குடி, சென்னைன்னு ஒரு ராத்திரி லைன்ல நாலஞ்சு மாசம் ஓட்டிப் பாருங்க. சில பேர் "நாங்க நேரா பம்பாய்தான் போனோம்"னு கீழ எழுதுவாங்க. அவங்க கிளீனரா வருஷக்கணக்குல உட்கார்ந்து போனவங்க, இப்ப பல வண்டியில கிளீனரே கிடையாது. ராத்திரி 2 மணிக்கு மேல கண்ணு சொருகினா ஜன்னலைத் திறக்கறதும் டீ குடிக்கறதும் உதவாது, பங்க்லயோ டோல் பக்கத்துலயோ ஒதுக்கி அரை மணி நேரம் படுத்துருங்க. சொந்தக்காரர் வண்டியா இருந்தாலும் எடுக்கறப்ப ஸ்டெப்னி, ஜாக்கி, தார்பாய், கயிறு எத்தனைன்னு எண்ணி, டயர் நம்பரோட எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.