ஆறே மாதத்தில் கிளட்ச் ஷூ தேய்ந்துவிட்டதா? ட்ரம்மையும் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: வியாசர்பாடியில் தண்ணீர் கேன் சப்ளை செய்கிறேன். டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டி. ஐந்து கேனோடு பேசின் பிரிட்ஜ் பாலம் ஏறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கிளட்ச் ஷூ மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது. மறுபடியும் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது?

பதில்: இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். சத்தமும் சேர்ந்து இறங்கி, வண்டி திணறி நின்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் வண்டி முதல் ரகம். மெக்கானிக் சொல்வது சரிதான். ஆனால் ஷூவை மட்டும் மாற்றினால் இன்னும் ஆறு மாதத்தில் இதே கடையில்தான் நிற்பீர்கள்.

எக்ஸ்எல்லில் கியர் கிடையாது, கிளட்ச் லீவரும் கிடையாது. இன்ஜின் வேகமெடுக்கும்போது கிளட்ச் ஷூக்கள் ஸ்பிரிங்கை மீறி வெளிப்பக்கமாக விரிந்து, சுற்றியிருக்கும் ட்ரம்மைப் பிடிக்கின்றன. பிடித்தால் வண்டி நகரும். கியர் வண்டியில் பாரத்தை இழுத்துக் கிளப்பும் வேலையை ஃபர்ஸ்ட் கியர் பார்த்துக்கொள்ளும். இங்கே நின்ற இடத்திலிருந்து வண்டி வேகமெடுக்கும் வரை ஷூ ட்ரம்மில் உரசிக்கொண்டேதான் இருக்க வேண்டும். அந்த உரசலில் வரும் சூடுதான் ஷூவைத் தின்கிறது.

இப்போது உங்கள் பாரத்தைப் பாருங்கள். 20 லிட்டர் கேன் ஐந்து என்றால் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. உங்கள் எடையையும் சேர்த்தால் 160, 170 கிலோ வரும். வண்டியின் சொந்த எடை 90 கிலோ கூடத் தேறாது. கையேட்டில் போட்டிருக்கும் பார அளவு ஓட்டுபவரையும் சேர்த்துத்தான். பிழைப்புக்கு ஓட்டுகிற வண்டியில் ஒரு கேனைக் குறைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பாலம் ஏறும் நடைக்காவது நாலு கேனோடு போங்கள்.

கிளட்ச் கவரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஷூவின் லைனிங், அதாவது ட்ரம்மில் உரசும் பட்டை, கண்ணாடி மாதிரி பளபளத்தால் சூட்டில் இறுகிவிட்டது. லைனிங்கில் கனம் மிச்சமிருந்தால் உப்புத்தாளில் தேய்த்து மாட்டித் தருவார்கள். கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். அடுத்து ட்ரம்மின் உள்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்குகிற அளவுக்குப் பள்ளமோ, நீலம் பாய்ந்த திட்டோ இருந்தால் அந்த ட்ரம்மையும் மாற்றிவிடுங்கள். புது ஷூ அதில் முழுதாகப் பதியாது, அங்கங்கேதான் பிடிக்கும், பிடித்த இடம் கருகும். போன தடவை ட்ரம்மைப் பார்க்காமல் ஷூவை மட்டும் மாற்றியிருந்தால், சீக்கிரம் தேய்ந்ததற்கு அதுவே பெரிய காரணமாக இருக்கலாம்.

ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். தளர்ந்த ஸ்பிரிங் ஷூவை முழுதாக உள்ளே இழுக்காது. சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போதே வண்டி முன்னால் போகப் பார்க்கும், நீங்கள் பிரேக் பிடித்திருக்கும் நேரமெல்லாம் ஷூ உரசிக்கொண்டிருக்கும். ஐடிலிங்கைத் தேவைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தாலும் இதே கதைதான்.

கடையில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: சென்டர் நட்டை உளி வைத்துத் தட்டக் கூடாது. கிளட்ச் சுற்றாமல் ஹோல்டர் போட்டுப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். தட்டுகிற அடி மரையையும் பேரிங்கையும் கெடுக்கும். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ஷூ செட் வேண்டாம். ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் கம்பெனி பேக்கிங் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் ஆயில். இந்தக் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்திருக்கும், காருக்கு அது நல்லது, இங்கே ஷூவை வழுக்கவிடும். கையேட்டில் சொன்ன கிரேடில், பாட்டிலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்ட பைக் ஆயிலை ஊற்றுங்கள். மழைக்காலத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி முழுகியிருந்தால் ஆயிலைச் சோதியுங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்றணும்.

பின் பிரேக் இறுக்கமாக இருந்தாலும் பழி கிளட்ச் மேல்தான் விழும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை அணைத்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். டயர் காற்று, செயின் டென்ஷன் இரண்டையும் அப்போதே பார்த்துவிடலாம்.

புது ஷூ போட்ட முதல் ஒரு வாரம் இரண்டு கேனுக்கு மேல் ஏற்றாதீர்கள். லைனிங் ட்ரம்மில் பதிய அவகாசம் வேண்டும். பாலத்து ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால் ஆக்சிலேட்டரைத் திருகி வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கில் நில்லுங்கள். ஷூவை வேறெதையும்விட வேகமாகத் தேய்க்கிற பழக்கம் அதுதான். முன்னால் கொஞ்சம் இடம் விடட்டும். பிறகு காலால் ஒரு உந்து கொடுத்து, ஆக்சிலேட்டரைத் தயங்காமல் சீராகத் திருகி ஒரே மூச்சில் கிளம்புங்கள். அடி அடியாக ஊர்ந்தால் ஷூ பாதிப் பிடியிலேயே கிடந்து வேகும். அப்படி ஊர்ந்துதான் ஏற வேண்டிய நாளில், மேலே போனதும் ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் ஆறவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.