மே 22-ஐ சிங்கப்பூரில் எப்படி நினைவுகூர்வது?

கேள்வி: தூத்துக்குடிக்காரன் நான். வேலை அனுமதியில் சிங்கப்பூரில் இருக்கிறேன். மே 22 அன்று ஹோங் லிம் பூங்காவில் நண்பர்களோடு மெழுகுவத்தி ஏற்றலாமா? எங்கள் நிறுவனம் தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையோடு வணிகம் செய்தது. ஆனால் 2018 மே 22 அன்று அந்த ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூடு பற்றி எங்கள் நிறுவன ஆண்டறிக்கைகளில் ஒரு வரிகூட இல்லை. இதைக் கேட்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செங்காங்

பதில்: பூங்கா வேண்டாம் தம்பி. பொது ஒழுங்குச் சட்டத்தின்படி ஒரு நிகழ்வை நினைவுகூரக் கூடுவதும் 'கூட்டம்'தான். ஒருவர் தனியாக நடத்தினாலும் அனுமதி வேண்டும். ஹோங் லிம் பூங்காவில் குடிமக்கள் அனுமதியின்றி ஏற்பாடு செய்யலாம், நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம். உங்களுக்கு அந்த விலக்கு கிடையாது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளமும் பொது இடம்தான்.

வீட்டில் கூடுங்கள். தெரிந்தவர்களை மட்டும் நேரில் அழையுங்கள். "அனைவரும் வருக" என்று ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டால், வீடாக இருந்தாலும் அது பொதுக்கூட்டம் ஆகிவிடும். பலரும் இடறுவது இங்கேதான். நீங்கள் கத்தோலிக்கர் என்றால் ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலய அலுவலகத்தில் திருப்பலிக் கருத்துக்கு, அதாவது திருப்பலியில் அவர்களுக்காக வேண்டிக்கொள்ள, இறந்தவர்களின் பெயர்களைக் கொடுக்கலாம்.

அன்று வாசிப்பதற்குச் சரியான தகவல்களை வைத்துக்கொள்ளுங்கள். 2018 மே 22 ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றவர்கள் மீது போலீஸார் சுட்டார்கள், மறுநாளும் சுட்டார்கள். இறந்தவர்கள் 13 பேர். ஆலையை நிரந்தரமாக மூட மே 28 அன்று அரசாணை வந்தது. துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது 17 போலீஸார் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. 13 பேரின் பெயர்களையும் வாசியுங்கள், எண்ணிக்கையைச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள்.

இனி நிறுவனம். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் "ஏன் மௌனம்?" என்று கேட்டால், "மனித உரிமைகளை மதிக்கிறோம்" என்ற பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். கேள்வியைக் குறுக்குங்கள்: "2018 மே மாதத்துக்குப் பின் அந்த ஆலையோடான ஒப்பந்தங்களை மறுஆய்வு செய்தீர்களா? எந்தத் தேதியில், யார் செய்தார்கள்? முடிவு என்ன?" ஆமாம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

நிறுவனம் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் இருந்தால், பங்குதாரராகவே கேட்பது வலுவானது. ஒரு லாட், அதாவது வாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு, பொதுவாக 100 பங்குகள். பங்கு சிடிபி (சிங்கப்பூரின் மத்தியப் பங்கு வைப்பகம்) கணக்கில் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். தரகர் உங்களுக்காகப் பங்குகளை வைத்திருக்கும் கஸ்டடி கணக்கில் வாங்கினால் பங்குதாரர் பட்டியலில் உங்கள் பெயர் வராது, முன்கூட்டியே தரகரிடம் சொல்லி ஏற்பாடு செய்தால்தான் கூட்டத்தில் பேச முடியும். நீங்கள் ஊழியர் என்பதால், ஆண்டு முடிவுகள் வெளியாவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வாங்காதீர்கள். பங்கு வாங்குவது பற்றிய அலுவலக விதியையும் முதலில் படியுங்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பில் கேள்வி அனுப்பக் கடைசி நாள் இருக்கும். அதற்குள் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். அலுவலக மின்னஞ்சலும் வேலையில் கண்ட ஆவணங்களும் கூடாது. வெளியான அறிக்கையின் பக்க எண்ணைக் காட்டியே கேளுங்கள்.

கூட்டக் குறிப்பு ஒரு மாதத்துக்குள் பங்குச் சந்தைத் தளத்தில் வரும். உங்கள் கேள்வியை அதில் தேடுங்கள். விடுபட்டிருந்தால் நிறுவனச் செயலாளருக்கு எழுதி, சேர்க்கச் சொல்லுங்கள்.