அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வான் டவுன்ஹில் பனிச்சறுக்கில் (மலைச்சரிவில் அதிவேகமாக இறங்கும் பந்தயம்) இத்தனை முறை ஜெயித்தது எப்படி? அவருக்கு ஏன் இவ்வளவு காயங்கள்?

பெரும்பாலானோர் "தைரியம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். டவுன்ஹில் பந்தயத்துக்கு மேலே வந்து நிற்கிற எல்லாருக்குமே தைரியம் உண்டு. அதை வைத்து முதலிடத்தையும் இருபதாம் இடத்தையும் பிரிக்க முடியாது. வானிடம் தனியாக இருந்தவை இரண்டு. சரிவு குறைவான பகுதிகளில் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டே போவார். வளைவுகளில் கேட்டை (பாதையைக் குறிக்கும் கம்பங்களை) உரசுகிற அளவுக்கு நேரான கோட்டில் இறங்குவார். கேள்வியின் இரண்டாம் பாதிக்கான பதிலும் இந்த நேர்க்கோட்டில்தான் இருக்கிறது.

2019 பிப்ரவரியில் முதல்முறை ஓய்வு பெற்றபோது அவருக்கு, பருவம் முழுதும் பல மலைகளில் நடக்கும் உலகக் கோப்பைப் பந்தயங்களில் 82 வெற்றிகள். அவற்றில் 43 டவுன்ஹில், 28 சூப்பர்-ஜி (டவுன்ஹில்லைவிட வளைவு கூடிய இன்னொரு வேகப் பந்தயம்). ஒட்டுமொத்தப் பட்டம் நான்கு முறை (2008, 2009, 2010, 2012), டவுன்ஹில் பட்டம் எட்டு முறை. கனடாவின் லேக் லூயிஸ் மலையில் மட்டும் 18 வெற்றி. அவருக்கு முன்பு பெண்களில் சாதனை ஆஸ்திரியாவின் ஆன்மரி மோசர்-புரோல் வசம் இருந்தது, 62 வெற்றி. 2015 ஜனவரியில் கொர்டினாவில் அதைத் தாண்டினார். இன்னொரு அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் பிறகு 82ஐயும் தாண்டிவிட்டார் என்பது உண்மை. ஆனால் அவருடைய வெற்றிகளில் பெரும்பகுதி ஸ்லாலம் போன்ற வளைவுப் பந்தயங்களில் வந்தவை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மணிக்கு 120 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு சுமார் 33 மீட்டர். பந்தயம் நூறில் ஒரு நொடி வரை அளக்கப்படுகிறது. அந்த வேகத்தில் 0.01 நொடி என்பது 33 சென்டிமீட்டர் தூரம். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் வான் தங்கம் வென்றது 0.56 நொடி வித்தியாசத்தில். டவுன்ஹில்லில் அது பெரிய இடைவெளி.

இந்த இடைவெளி எங்கே உருவாகிறது? முதலில் கருவி. பெண்கள் டவுன்ஹில்லுக்கு ஸ்கீயின் (காலில் பூட்டும் சறுக்குப் பலகையின்) குறைந்தபட்ச நீளம் 210 செ.மீ., ஆண்களுக்கு 218. 2009இல் ஹெட் நிறுவனத்துக்கு மாறிய பிறகு வான் ஆண்களுக்கான ஸ்கீகளைப் பூட்டிக்கொண்டு பந்தயத்தில் இறங்கினார். நீளமும் விறைப்பும் கூடிய ஸ்கீ அதிக வேகத்தில் அதிராது, பனியோடு ஒட்டியே ஓடும். ஆனால் அதை வளைக்கக் கூடுதல் பலம் வேண்டும், திருப்பத்தை ரொம்ப முன்கூட்டியே தொடங்கவும் வேண்டும். தாமதித்துவிட்டால் நடுவில் திருத்த அந்த ஸ்கீ இடம் கொடுக்காது. 178 செ.மீ. உயரமும் அதற்கேற்ற கால்பலமும் இருந்ததால் அவரால் அதை ஆள முடிந்தது. உடல் எடையும் இங்கே லாபம்தான்: இழுக்கும் புவியீர்ப்பு எடைக்கு ஏற்பக் கூடும், காற்றின் எதிர்ப்போ அந்த அளவுக்குக் கூடாது.

அடுத்தது அடிப்பக்கம். வேகப் பந்தய வீராங்கனைக்குத் தன் ஸ்கீ டெக்னீஷியன் பயிற்சியாளருக்குச் சமம். வானுக்குப் பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவர் ஹைன்ஸ் ஹெம்மர்லே. ஸ்கீயின் அடிப்பரப்பில் கல் சக்கரத்தால் நுண்ணிய வரிப்பள்ளங்கள் போடுவார்கள். குளிர்ந்த உலர்பனிக்கு மெல்லிய வரி. ஈரப்பனிக்கு ஆழமான வரி. இல்லையென்றால் அடியில் சேரும் தண்ணீர் ஸ்கீயை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் அன்றைய பனியின் வெப்பநிலைக்கு ஏற்ற மெழுகு (ஃப்ளோரின் கலந்த மெழுகுக்கு 2023-24 பருவத்திலிருந்து தடை). இரும்பு ஓரத்தின் அடிப்பக்கத்தை லேசாகச் சாய்த்துத் தேய்ப்பதும் முக்கியம். அது குறைந்தால் நேராக வழுக்கும்போதே ஸ்கீ பனியைக் கவ்வி ஆட்டம் காட்டும். கூடினால் பனிக்கட்டி மேல் திரும்பும்போது பிடி கிடைக்காது.

மூன்றாவது, பாதையைப் படிப்பது. டவுன்ஹில்லுக்கு ஒரு பயிற்சி ஓட்டமாவது நடந்தால்தான் பந்தயத்தையே நடத்தலாம். சூப்பர்-ஜிக்கு அது கிடையாது. காலையில் பக்கவாட்டில் மெதுவாக வழுக்கி இறங்கிப் பார்வையிடலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு மேட்டிலும் எந்தத் திசையில் தாவுவது, அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத கேட் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும். மேட்டின் விளிம்பில் உடலை முன்னுக்குத் தள்ளி, முழங்காலை மடக்கி மேட்டை உள்வாங்கினால் தாவல் தாழ்வாக இருக்கும். உயரத் தூக்கி எறியப்பட்டால் காற்றில் கை விரியும், வேகம் போகும், இறங்குவதும் மோசமாக இருக்கும்.

இவ்வளவும் கற்றவர் வளர்ந்த மலை என்று பார்த்தால் மினசோட்டாவில் இருக்கும் பக் ஹில். மேலிருந்து கீழே 100 மீட்டர் உயரம்கூட இல்லை. பெண்களுக்கான உலகக் கோப்பை டவுன்ஹில் பாதை 800 மீட்டர் வரை இறங்கும். ஆனால் எரிக் சைலர் என்ற பயிற்சியாளரிடம், கயிற்றைப் பிடித்து மேலேறி உடனே இறங்கி, ஒரே மாலையில் எத்தனையோ தடவை கேட்டுகளைச் சுற்ற முடிந்தது. பிற்பாடு ஐந்து வகைப் பந்தயங்களிலும் வென்றதற்கு அந்த அடித்தளம்தான் காரணம் என்பேன். வேகத்தைக் கொலராடோவின் வெய்லுக்குக் குடிபெயர்ந்த பிறகு கற்றார்.

இனி காயங்கள். பந்தய வீரர்களின் பிண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பிடி) மிக இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கும். தளர்வாக வைத்தால் ஓடும்போதே ஸ்கீ கழன்றுவிடும், அது இன்னும் ஆபத்து. ஆகவே விழும்போதும் ஸ்கீ எளிதில் கழலாது. இரண்டு மீட்டர் நெம்புகோல் காலை முறுக்க, அந்த விசை முழுவதும் முழங்காலில் இறங்கும். முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ACL) அறுவது பெரும்பாலும் இரண்டு விதமாக. திருப்பத்தில் வெளிப்பக்க ஸ்கீ பனியை விட்டு நழுவி, திடீரென்று மறுபடி கவ்வும். முழங்கால் உள்நோக்கி மடிந்து திருகும். அல்லது தாவி இறங்கும்போது எடை பின்னால் சாய்ந்திருக்கும். பூட்ஸின் விறைப்பான பின்பக்கம் கீழ்க்காலை முன்னால் தள்ளிவிடும்.

2013 பிப்ரவரியில் ஷ்லாட்மிங் உலகப் போட்டியில், ஒரு தாவலிலிருந்து இறங்கிய நொடியில் வானின் வலது கால் மடங்கியது. முன் சிலுவைத் தசைநார், உள்பக்கத் தசைநார் இரண்டும் அறுந்தன, கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டும் உடைந்தது. அவசரமாகத் திரும்பிவந்து நவம்பரில் அதே முழங்காலை மறுபடி கெடுத்துக்கொண்டார். 2014 சோச்சி ஒலிம்பிக் கைவிட்டுப் போனது. 2016இல் அண்டோராவில் இடது முழங்கால். அப்போது ஒட்டுமொத்தப் புள்ளிப்பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர். பட்டம் சுவிட்சர்லாந்தின் லாரா குட்டுக்குப் போயிற்று. அதே ஆண்டு நவம்பரில் வலது மேல்கை உடைந்து, நரம்பும் பாதிக்கப்பட்டது. எனினும் 2017 ஜனவரியில் கார்மிஷ் டவுன்ஹில்லில் வென்றார்.

எல்லா இழப்பும் காயத்தால் வந்ததில்லை. 2011இல் ஒட்டுமொத்தப் பட்டத்தை ஜெர்மனியின் மரியா ரீஷிடம் மூன்றே புள்ளியில் இழந்தார். வானிலை மோசமாகி கடைசிப் பந்தயம் ரத்தானதுதான் காரணம்.

2024 ஏப்ரலில் வலது முழங்காலின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு டைட்டேனியம் பொருத்தினார்கள். எலும்போடு எலும்பு உரசும் வலி நின்றதால்தான் திரும்பிவருவதே சாத்தியமானது. 2025 டிசம்பரில், 41 வயதில், சென் மோரிட்ஸ் டவுன்ஹில்லில் முதலிடம். 2026 ஜனவரி இறுதியில் கிரான்ஸ்-மொன்டானாவில் விழுந்து இடது முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்தது. அப்படியே கொர்டினா ஒலிம்பிக்கில் இறங்கி, தொடங்கிய 13 நொடியில் விழுந்து இடது கீழ்க்கால் எலும்பை உடைத்துக்கொண்டார். அறுந்த தசைநார் காரணமில்லை, கோட்டில் ஐந்து அங்குலம் நெருங்கிவிட்டதால் வலது கை கேட்டில் மாட்டியது என்று அவரே பிறகு விளக்கினார். விழுந்த காணொளியைப் பார்த்தால் அந்த விளக்கம் பொருந்துகிறது: முதலில் கை மாட்டுகிறது, அதன் பிறகுதான் உடல் காற்றில் திரும்புகிறது.