கையில் செல்போன், எதிரே விவசாயி: கணக்கெடுப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சிறு விவசாயிகளிடம் செல்போன் வழியாகத் தகவல் சேகரிப்பது பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். பன்னிரண்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: காகிதப் படிவத்தை விட்டுவிட்டு போனுக்கு மாறப்போகிறோம். எந்தச் செயலி நல்லது அக்கா? நாங்கள் போகும் பல இடங்களில் சிக்னலே இருக்காது.

பதில்: ஓடிகே (ஓப்பன் டேட்டா கிட்), கோபோ டூல்பாக்ஸ் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஓடிகே 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கோபோ அதன் மேல் கட்டப்பட்டது. குழு பெரிதாக இருந்து, மேற்பார்வையாளர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமென்றால் உலக வங்கியின் சர்வே சொல்யூஷன்ஸைப் பாருங்கள், அதுவும் இலவசம்தான். மூன்றுமே சிக்னல் இல்லாமல் ஓடும். பதில்கள் போனிலேயே இருந்து, நெட் கிடைத்ததும் சர்வருக்குப் போகும். செயலியைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் போதும். மீதி நாட்களைக் கேள்விகளுக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: "எத்தனை கிலோ விளைந்தது?" என்று கேட்டால் 200, 500, 1000 என்று முழு எண்ணாகவே வருகிறது. விவசாயிகள் உண்மையைச் சொல்லத் தயங்குகிறார்களா?

பதில்: தயக்கம் இல்லை. கேள்விதான் தப்பு. அவர் விளைச்சலைக் கிலோவில் பார்த்ததே இல்லை. மூட்டையாகக் கட்டுகிறார், கூடையாகத் தூக்குகிறார். நாம் கிலோ என்றதும் மனக்கணக்குப் போட்டு, நம் மனம் கோணாமல் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார். அவருடைய அளவிலேயே கேளுங்கள். படிவத்தில் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், மூட்டையா கூடையா என்பதற்கு ஒரு கட்டம், காய்ந்ததா ஈரமா என்பதற்கு ஒரு கட்டம் இருக்கட்டும். கிலோவாக மாற்றுவது நம் வேலை.

அந்த வேலையிலும் அவசரம் கூடாது. ஒரு கொட்டகையில் மக்காச்சோளம் மூன்று மூட்டை அடுக்கியிருந்தது. "எல்லாம் ஒரே மூட்டைதான்" என்றார் பெரியவர். தொங்கு தராசில் மாட்டினோம்: 58, 66, 81 கிலோ. மூன்றாவதைத் திருப்பிப் பார்த்தால், வாயில் இன்னொரு சாக்குத் துண்டை ஒட்டுப்போட்டுத் தைத்து உயரத்தைக் கூட்டியிருந்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது ஒரு மூட்டை. அன்றிலிருந்து தராசு இல்லாமல் நான் கிளம்புவதில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஐந்தாறு மூட்டையாவது நிறுத்துப் பாருங்கள். மூட்டைகளின் படத்தைப் படிவத்தில் சேர்த்து "உங்களுடையது எது மாதிரி?" என்று காட்டிக் கேட்டால் இன்னும் நல்லது.

அப்புறம், மொத்தத்தோடு நிறுத்தாதீர்கள். விற்றது, வீட்டுக்கு வைத்தது, விதைக்கு எடுத்தது, கூலியாக அளந்தது, கெட்டுப்போனது எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டுக் கூட்டுங்கள். மொத்தத்தோடு ஒத்துவராவிட்டால் படிவம் ஓர் எச்சரிக்கை காட்டட்டும், ஆனால் மேலே போகவிடாமல் தடுக்க வேண்டாம். தடுத்தால் கணக்கெடுப்பவர் கூட்டல் சரியாக வரும்படி எண்ணைத் திருத்திவிடுவார். நிஜமான முரண்பாடு கண்ணில் படாமலே போய்விடும்.

கேள்வி: மரவள்ளிக் கிழங்குக்கும் இதே முறைதானா? அதை வேண்டியபோது இரண்டு செடி, மூன்று செடி என்று பிடுங்குகிறார்களே.

பதில்: இல்லை. பல மாதம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததை வருடக் கடைசியில் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை போன் போட்டு "இந்த வாரம் எவ்வளவு பிடுங்கினீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். மூன்று நிமிட வேலை. செல்போன் உண்மையில் கைகொடுப்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

கேள்வி: வயலைச் சுற்றி நடந்து ஜிபிஎஸ்ஸில் பரப்பு எடுக்கிறோம். விவசாயி சொல்வதோடு ஒத்துப்போகவே இல்லை. எதை நம்புவது?

பதில்: பொதுவாக ஜிபிஎஸ்ஸை நம்பலாம். சின்ன நிலத்தைக் கூட்டியும் பெரிய நிலத்தைக் குறைத்தும் சொல்வது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆனால் ரொம்பச் சிறிய துண்டாக இருந்தால் ஜிபிஎஸ்ஸும் காலை வாரும். போனின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளிக் காட்டலாம். நாலு பக்கமும் 2 மீட்டர் வெளியே தள்ளிப் பதிவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டருக்கு 100 மீட்டர் வயல், அதாவது ஒரு ஹெக்டேர், 10,816 சதுர மீட்டர் என்று வரும். கூடுதல் 8 சதவீதம்தான். அதே தவறு 20-க்கு 20 துண்டில் நடந்தால் 400 சதுர மீட்டர் 576 ஆகிவிடும், 44 சதவீதம் கூடுதல்! எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தவறுவது அபூர்வம்தான், இருந்தாலும் அந்த அளவு துண்டுகளுக்கு டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

நடக்கும்போது விவசாயியை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள். எல்லை அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் நின்று, போன் காட்டும் பிழை அளவு 5 மீட்டருக்குள் இறங்கிய பிறகு பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நெட் இல்லாமல் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

பதில்: செய்யும். போன் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரடியாக சிக்னல் வாங்குகிறது. நெட் இருந்தால் முதல் இருப்பிடம் சீக்கிரம் கிடைக்கும், அவ்வளவுதான். வண்டியை விட்டு இறங்கியதுமே ஜிபிஎஸ்ஸைப் போட்டுவிடுங்கள், வயலுக்கு நடந்து சேர்வதற்குள் பிடித்துவிடும்.

கேள்வி: வீடு வீடாகப் போகாமல் எஸ்எம்எஸ்ஸிலேயே கேட்டுவிடலாமா?

பதில்: "விதைத்தாயிற்றா?", "இன்று என்ன விலைக்குப் போனது?" போன்ற ஒற்றைக் கேள்விக்குச் சரி. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் எழுத்தில் 70-தான் என்பதை நினைவில் வையுங்கள். படிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் குரல் அழைப்புதான் வழி. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: போன் இல்லாதவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். போன் வீட்டுக்காரர் சட்டைப்பையில் இருந்தால், களை எடுத்து விதை பத்திரப்படுத்துகிற மனைவியின் பதிலும் வராது. முதல் தடவை நேரில் போய், எந்த நிலத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு, அவரிடமே பேசுங்கள். அவரை எந்த எண்ணில் எந்த நேரம் கூப்பிடலாம் என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்புகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது மேடம்.

பதில்: முதலில் படிவத்தைப் பாருங்கள். "வேறு நிலம் உண்டா?" என்பதற்கு "உண்டு" என்றால் இன்னும் பதினைந்து கேள்வி திறக்கிறதா? அப்படியென்றால் மூன்றாவது வாரத்திலிருந்து எல்லா வீட்டிலும் "இல்லை" என்றுதான் வரும். வெயிலில் நாளுக்கு ஆறு வீடு ஏறி இறங்குகிறவர் களைத்துப்போவது இயல்புதானே. படிவத்தைச் சுருக்குங்கள். அதற்குப் பிறகு தொடங்கிய நேரம், முடித்த நேரம், இருப்பிடம் மூன்றும் தானாகவே பதிவாகட்டும். பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொருவரை அனுப்பி, மாறாத நாலைந்து விஷயங்களை மறுபடி கேட்கச் சொல்லுங்கள். இப்படிச் செய்வோம் என்று குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: "தெரியாது" என்பதற்கு -99 போடுகிறோம். சரியா?

பதில்: சரிதான். ஆனால் சராசரி எடுப்பதற்கு முன்னால் அவற்றை நீக்க மறக்காதீர்கள். போன் எண்களை எழுத்து வகையில் வையுங்கள், எண் வகையில் வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் காணாமல் போகும்.

கேள்வி: "போன வருடமும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், எங்களுக்கு என்ன கிடைத்தது?" என்று ஒரு அம்மா கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

பதில்: அந்த அம்மா கேட்டது நியாயம். மானியம் வரும், கடன் வரும் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், விருப்பமில்லாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்பதைத் தொடங்கும்போதே அவர் மொழியில் சொல்லுங்கள். முடித்ததும் போனைத் திருப்பி, அவர் வயலின் வரைபடத்தைக் காட்டுங்கள். பரப்பை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். விதையும் உரமும் கணக்குப் பார்த்து வாங்க அது உதவும். நான் கொடுத்த சீட்டு ஒன்றை இரண்டு வருடம் கழித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நிலப் பத்திரத்தோடு சேர்த்து மடித்து வைத்திருந்தார்கள்.