மேசையில் சும்மா கிடக்கும் போனில் 9.8 எப்படி?

போனில் உள்ள முடுக்கமானி (முடுக்கத்தை அளக்கும் சென்சார்) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

சார், நான் பிளஸ் டூ மாணவி. போன் சென்சார்களின் அளவைக் காட்டும் ஃபைபாக்ஸ் ஆப்பைத் திறந்து போனை மேசையில் வைத்தால் முடுக்கம் 9.8 மீ/வி² என்று காட்டுகிறது. அசையாத போனுக்கு ஏது முடுக்கம்?

அருமையான இடத்தில் மாட்டியிருக்கிறாய் அம்மா. சென்சாருக்குள் சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று, ஸ்பிரிங் போல வளையும் கால்களில் நிற்கிறது. அது துளி நகர்ந்தாலும் பக்கத்துத் தகடுகளுக்கு இடையிலான மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறன்) மாறும். அந்த மாற்றத்தைத்தான் போன் எண்ணாக்குகிறது. மேசை போனை மேல்நோக்கித் தாங்குகிறது. உள்ளே இருக்கும் எடையை அந்தக் கால்கள் தாங்குகின்றன, அதனால் வளைகின்றன. ஆக, சென்சாருக்குத் தெரிவது இந்தத் தாங்கல் மட்டுமே. மெத்தைக்கு மேலே போனைக் கைவிட்டுப் பார், விழும் நேரத்தில் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டும். ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம், அதாவது 9.8 மீ/வி². 'ஜி இல்லாத முடுக்கம்' என்று ஆப்பில் இருப்பது, கைரோஸ்கோப்பின் (போன் திரும்புவதை உணரும் சென்சார்) துணையோடு புவியீர்ப்பின் திசையைக் கணித்து, அதைக் கழித்துச் சொல்லும் எண்.

லிஃப்ட் கிளம்பும்போது 10.7 வந்தது. ஏறிக்கொண்டிருக்கும்போதே 9.8-க்குத் திரும்பிவிட்டது. ஆப் தப்பா அண்ணா?

ஆப் சரிதான் தம்பி. சீரான வேகத்தில் ஏறும் லிஃப்டும் நிற்கும் லிஃப்டும் சென்சாருக்கு ஒன்றே. போனில் காற்றழுத்தமானி இருந்தால் அதே ஆப்பில் லிஃப்டுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. அது உயரத்தையும் வேகத்தையும் சொல்லும்.

முடுக்கத்தை இரண்டு முறை தொகையீடு செய்தால் பஸ் போன தூரம் வந்துவிடுமே?

தாளில் வரும், பஸ்ஸில் வராது. சென்சாரில் 0.02 மீ/வி² நிலையான பிழை இருந்தால் போதும், ஒரே நிமிடத்தில் 36 மீட்டர் தவறும். போன் சற்றுச் சாய்ந்தால் புவியீர்ப்பே முடுக்கமாக வேஷம் போடும். தூரத்துக்கு ஜிபிஎஸ்தான். பிரேக்கை அளக்க மட்டும் இதை நம்பலாம்: 40 கி.மீ. வேகத்திலிருந்து 4 வினாடியில் நின்றால் சுமார் 0.28 ஜி.

போன் தரையில் விழும்போது எத்தனை ஜி? என்னுடையது 8-க்கு மேல் காட்டவே மாட்டேன் என்கிறது.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து 2 மில்லிமீட்டருக்குள் நின்றால் சராசரியே 500 ஜி வரும். சாதாரண போன் சென்சாரின் எல்லை பொதுவாக 2 முதல் 16 ஜி வரைதான். அதற்கு மேல் வரைபடம் தட்டையாக வெட்டுப்பட்டு நிற்கும். விபத்தைக் கண்டறிவதற்காகவே ஐபோன் 14-ல் 256 ஜி வரை அளக்கும் சென்சாரை 2022-ல் வைத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் ரோலர் கோஸ்டரில் போனவர்களின் போன்கள், விபத்து என்று நினைத்து அவசர எண்ணை அழைத்த கூத்தும் நடந்தது!

ராட்டினத்தில் அளக்கப் போகிறேன். போனை எங்கே வைப்பது?

ஜிப் போட்ட பாக்கெட்டில், உடம்போடு இறுக்கமாக. கையில் பிடித்தால் உங்கள் கை ஆட்டமும் பதிவாகும், போனும் பறக்கும். மூன்று அச்சுகளையும் தனித்தனியாகப் பார்க்காமல் மொத்த மதிப்பை எடுத்து 9.8-ஆல் வகுங்கள், எத்தனை ஜி என்று வந்துவிடும். ஒரு கணம் மட்டும் எகிறும் ஊசி முனைகளை விட்டுவிடுங்கள், அவை பெரும்பாலும் இருக்கையின் அதிர்வு.